ஸ்டீவன்சன் பாதையை நடந்து முடிப்பது எப்படி: தென் பிரான்சின் ஜி.ஆர். 70 நடைவழிக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1878 செப்டெம்பர் 22 அன்று, தம் 27ஆம் வயதில், மொதெஸ்தீன் என்ற கழுதையின் மேல் சுமையை ஏற்றிக்கொண்டு லெ மொனாஸ்தியே என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 12 நாட்களில் செவென் மலைநாட்டைக் கடந்து சென்-ஜான்-து-கார் என்ற ஊரை அடைந்தார். அந்த நடையைப் பற்றி அவர் 1879இல் வெளியிட்ட ‘டிராவல்ஸ் வித் எ டாங்கி இன் த செவென்ஸ்’ என்ற நூலைப் பின்தொடர்வதே இன்று ஜி.ஆர். 70 என்ற எண்ணைத் தாங்கும் நெடுந்தூர நடைவழி.

இந்த வழியை நான் முழுமையாக நடந்திருக்கிறேன். அதன் பிறகு பாரிசிலிருந்து நண்பர்களையும் உறவினர்களையும் சிறு குழுக்களாக அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் பட்ட சிரமங்களில் பெரும்பகுதி மலையேறத் தொடங்குவதற்கு முன்பே, வீட்டு மேசையில் வேலைகளின் வரிசை பிசகியதால் வந்தது. காலணியை முதலில் வாங்குகிறார்கள், பயணச்சீட்டை அடுத்து எடுக்கிறார்கள், இரவில் எங்கே படுப்பது என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இந்த வழிக்கு அது நேர்மாறான வரிசை. ஆகவே கீழே உள்ள படிகளை எண் முறைப்படியே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜி.ஆர். 70 இன்று வடக்கே லெ புய் நகரில் தொடங்கித் தெற்கே அலேஸ் நகரில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஆனால் ஸ்டீவன்சன் நடந்தது லெ மொனாஸ்தியே முதல் சென்-ஜான்-து-கார் வரை மட்டுமே. சென்-ஜானில் அவர் கழுதையை விற்றுவிட்டு, அலேசுக்குக் குதிரை வண்டியில் போனார். முதல் நாளும் கடைசி நாளும் தொடருந்து நிலையத்தோடு வழியை இணைப்பதற்காகப் பின்னாளில் சேர்க்கப்பட்டவை.

இதைத் தெரிந்துகொள்வதால் இரண்டு நாட்கள் மிச்சமாகும். 12 நாட்கள் கிடைத்தால் லெ மொனாஸ்தியேயிலிருந்து தொடங்குங்கள். 14 நாட்கள் கிடைத்தால் லெ புய்யிலிருந்து தொடங்கலாம். என் கருத்தில், நேரம் குறைவாக இருப்பவர் கைவிட வேண்டியது கடைசி நாளைத்தான். சென்-ஜானிலிருந்து அலேஸ் வரையிலான 26 கிலோமீட்டர், நூலை முடித்துவிட்ட வாசகருக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

ஒரு வாரம் மட்டுமே கிடைக்குமானால், லா பஸ்தீத் என்ற ஊரிலிருந்து சென்-ஜான் வரை தென்பாதியை நடங்கள். கிளேர்மோன்-ஃபெரானுக்கும் நீமுக்கும் இடையிலான மலைத் தொடருந்து லா பஸ்தீத்தில் நிற்கிறது என்பது ஒரு காரணம். லோசேர் மலை, போன்-து-மோன்வேர், ஃப்ளோராக் என நூலின் அடர்த்தியான அத்தியாயங்கள் எல்லாம் இந்தப் பாதியில் வருகின்றன என்பது மற்றொன்று.

திசையை மாற்றாதீர்கள். வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் எரிமலைப் பீடபூமி, குளிர்ந்த காடு, கருங்கல் மலை, பின்பு கஷ்கொட்டை மரங்கள் நிறைந்த வெப்பமான பள்ளத்தாக்குகள் என்று நிலம் நூலின் வரிசையிலேயே விரியும். வடக்கே கடல்மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேல் ஏறும் வழி, 200 மீட்டருக்கும் குறைவான சென்-ஜானில் முடிகிறது.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாத இறுதியும் ஜூனும் முதல் தேர்வு. செப்டெம்பரின் முதல் பாதி இரண்டாம் தேர்வு. ஏப்ரலில் லோசேர் மலையின் உச்சியில் பனி கிடக்கக்கூடும். ஜூலை, ஆகஸ்டில் ஃப்ளோராக்கிற்குத் தெற்கே வெயில் கடுமையாக இருக்கும். தங்குமிடங்களும் விடுமுறைக் குடும்பங்களால் நிரம்பிவிடும். ஏப்ரலுக்கு முன்பும் அக்டோபருக்குப் பின்பும் பல தங்குமிடங்கள் மூடியிருக்கும்.

ஸ்டீவன்சன் நடந்த அதே தேதிகளில், செப்டெம்பர் 22 முதல் அக்டோபர் 3 வரை நடக்க வேண்டும் என்று நூலை வாசித்த பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் இலையுதிர்காலத்தில் நடுநிலக் கடலின் மேலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்று செவென் மலைச்சரிவில் மோதி, ஒரே நாளில் பல நூறு மில்லிமீட்டர் மழையைக் கொட்டும். சிற்றோடைகள் சில மணி நேரத்தில் ஆறுகளாகிவிடும். அந்தத் தேதிகளில் போவதென்றால், தென்பகுதியில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, பிரெஞ்சு வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கையை ஒவ்வொரு மாலையும் பார்த்துக்கொண்டு போங்கள். ஆரஞ்சு நிற எச்சரிக்கை இருந்தால் அன்று நடக்க வேண்டாம். வேட்டைக் காலமும் செப்டெம்பரில் தொடங்குகிறது. பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணிவது அவசியம்.

மே மாதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மே 8, விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்து திங்கள் ஆகிய விடுமுறைகளை ஒட்டிய நீண்ட வார இறுதிகளில் பிரெஞ்சு மக்களே பெருமளவில் நடக்க வருகிறார்கள். அந்த நாட்களில் லெ ப்ளெய்மார், போன்-து-மோன்வேர் போன்ற ஊர்களில் இருக்கக்கூடாது என்று நாட்காட்டியை வைத்துக்கொண்டே கணக்கிடுங்கள்.

3. படுக்கைகளைப் பதிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இந்த வழியில் பெரிய விடுதிகள் குறைவு. நடப்பவர்கள் தங்குவது பெரும்பாலும் ‘ஜீத்’ எனப்படும் நடைபயணிகள் தங்குமனைகளில். ஓர் அறையில் நான்கு முதல் எட்டுக் கட்டில்கள், பொதுக் குளியலறை, எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் இரவுச் சாப்பாடு என்பது வழக்கமான அமைப்பு. சில ஊர்களில் ஒன்றோ இரண்டோ தங்குமனைகள்தான் உண்டு; அவை நிரம்பிவிட்டால் அடுத்த ஊருக்கு இன்னும் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு, 20 கிலோமீட்டர் நடந்து களைத்த கால்களோடு, பெயர்ப்பட்டியலில் நம் பெயர் இல்லாத ஒரு வாசலில் நின்ற இருவரை எனக்குத் தெரியும். அன்று அந்த வீட்டார் தங்கள் பழைய வைக்கோல் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். எல்லா வாசலிலும் அப்படி அமையாது.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். பலர் முதல் நாளிலிருந்து தொடங்கிப் பதிவு செய்துகொண்டே வருகிறார்கள். ஐந்தாம் இரவுக்கு இடமில்லை என்று தெரியும்போது முந்தைய நான்கையும் மாற்ற வேண்டியதாகிறது. ஆகவே இடம் குறைந்த ஊர்களை முதலில் பிடியுங்கள்: ஷெய்லார், ஷஸ்ராதெஸ், லெ ப்ளெய்மார், கசாஞாஸ். அவற்றுக்கு நாள் உறுதியான பிறகு லாங்கோன், ஃப்ளோராக் போன்ற பெரிய ஊர்களை இடையில் நிரப்புவது எளிது.

மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். பல தங்குமனைகள் மின்னஞ்சலைவிடத் தொலைபேசிக்கே விரைவாகப் பதிலளிக்கும். பிரெஞ்சு தெரியாதவர் நான்கு செய்திகளை எழுதி வைத்துக்கொண்டு பேசினால் போதும்: வரும் தேதி, எத்தனை பேர், ‘தெமி-பான்சியோன்’, சைவமா அசைவமா. தெமி-பான்சியோன் என்றால் படுக்கையோடு இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்ந்தது. சிற்றூர்களில் வேறு உணவகம் இருக்காது என்பதால் இதையே கேளுங்கள்.

சைவம் உண்பவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே வகைதான். வந்த பிறகு சொன்னால் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. முன்கூட்டியே சொன்னவர்களுக்கு லெ புய் பகுதியின் பச்சை நிறப் பயறு, ‘அலிகோ’ எனப்படும் பாலாடைக்கட்டி சேர்த்து இழுபட மசித்த உருளைக்கிழங்கு, காளான் முட்டை அடை என்று நல்ல உணவு கிடைக்கும். நமக்குக் காரம் போதாது. ஒரு சிறு புட்டியில் மிளகாய்த்தூளோ பருப்புப்பொடியோ கொண்டுபோங்கள். பாரிசு லா ஷப்பேல் கடைகளில் வாங்கிய இடிசம்பல் ஒரு பொதி, ஒரு முறை மேசை முழுவதும் சுற்றி வந்து காலியானது.

கூடாரம் அடிக்க நினைப்பவர்கள், லோசேர் மலையும் பூஜே மலைமுகடும் செவென் தேசியப் பூங்காவில் வருகின்றன என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பூங்காவின் மையப் பகுதியில் வழியை ஒட்டிய இடங்களில் இரவு மட்டும் தங்கிக் காலையில் கிளம்பிவிட வேண்டும்; தீ மூட்டுவதற்கு அனுமதி இல்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. விசாவும் தொடருந்தும்

படுக்கைகளை முதலில் பதிவு செய்யச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்ற சான்றைக் கேட்பார்கள். பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு இரவுகள் என்பது விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும். ஆகவே நாள், ஊர், தங்குமனை, தூரம் ஆகியவற்றை ஒரே தாளில் அட்டவணையாக்கி, உறுதிப்படுத்திய மின்னஞ்சல்களை அதே வரிசையில் இணைத்துக் கொடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் தேவை. அந்தக் காப்பீடு மலைநடையையும் மீட்புச் செலவையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம்.

லெ புய்க்கு லியோனிலிருந்தோ பாரிசிலிருந்தோ சென்-எத்தியேன் நகரம் வழியாகத் தொடருந்தில் வரலாம். அங்கிருந்து லெ மொனாஸ்தியேக்கு நடக்கலாம், அல்லது வாடகைக் காரில் போகலாம். திரும்பும்போது சென்-ஜானிலிருந்து பேருந்தில் அலேசுக்கும், அங்கிருந்து தொடருந்தில் நீமுக்கும் போனால் விரைவுத் தொடருந்து கிடைக்கும். பேருந்துகள் குறைவாகவே ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சென்-ஜானில் நடையை முடிக்கும்படி திட்டமிடாதீர்கள்.

5. சுமையைக் குறையுங்கள்

முதுகுப்பை, தண்ணீரோடு சேர்த்து, உங்கள் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தங்குமனையில் கம்பளியும் தலையணையும் இருக்கும். உள்ளே விரித்துக்கொள்ளும் மெல்லிய துணிப்பை மட்டும் கொண்டுபோனால் போதும். இரண்டு மாற்றுடை, மழைச்சட்டை, குளிருக்கு ஒரு மேலாடை, தொப்பி, ஊன்றுகோல் இரண்டு, தலைவிளக்கு, கொப்புளத்துக்கான ஒட்டுப்பட்டை, உண்ணி எடுக்கும் சிறு கொக்கி. இவ்வளவுதான்.

உண்ணி எடுக்கும் கொக்கியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. புல்லும் பெரணியும் உரசும் வழிகளில் உண்ணிகள் ஏறிக்கொள்கின்றன. அவற்றால் லைம் நோய் வரலாம். குளித்த பிறகு முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புக்கச்சை ஆகிய இடங்களை ஒவ்வொரு மாலையும் பாருங்கள்.

காலணியைப் புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே வாங்கி, அதே காலுறையோடு, அதே பையோடு, குறைந்தது மூன்று முறை 15 கிலோமீட்டராவது நடந்து பழகுங்கள். கொப்புளங்கள் பெரும்பாலும் லெ மொனாஸ்தியேயிலிருந்து கிளம்பும் நாளில், கூதே என்ற ஊருக்கு இறங்கும் செங்குத்தான சரிவில் தொடங்குகின்றன. இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி, விரல் நுனி காலணியில் மோதுவதே காரணம். இறங்கும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் இது பெரிதும் குறையும்.

பையைச் சுமக்க இயலாதவர்களுக்கு, ஒரு தங்குமனையிலிருந்து அடுத்ததற்குப் பையை வண்டியில் எடுத்துச் செல்லும் சேவைகள் பருவகாலத்தில் உண்டு. கழுதையை வாடகைக்கு எடுப்பதும் சாத்தியமே. ஒரு கழுதை சுமார் 40 கிலோ சுமக்கும். நூலை வாசித்த ஆர்வத்தில் உடனே கழுதையைக் கேட்காதீர்கள். கழுதையோடு போனால், அதற்குப் புல்வெளி தரும் தங்குமனையாகப் பார்த்துத்தான் ஒவ்வோர் இரவும் பதிவு செய்ய முடியும். காலையில் குளம்பைத் துடைப்பது, சேணம் கட்டுவது என்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். குழந்தைகளோடு, ஐந்தாறு நாட்கள், நாளொன்றுக்கு 15 கிலோமீட்டருக்குள் நடப்பவர்களுக்கே இது பொருந்தும். ஸ்டீவன்சனே முதல் நாள் முழுவதும் மொதெஸ்தீனை நகர்த்த முடியாமல் தவித்து, லெ பூஷே ஊர் விடுதிக்காரர் செய்துகொடுத்த முள்கோலால்தான் மறுநாள் வழி கண்டார். இன்று முள்கோலை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். கழுதையைத் தருபவர் புறப்படும் முன் கொடுக்கும் அரை நாள் பயிற்சியைத் தவறவிடாதீர்கள்.

6. நூலை எப்போது வாசிப்பது

வீட்டிலேயே முழுவதையும் ஒரு முறை வாசித்துவிட்டு, வழியில் ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்கான பகுதியை மட்டும் மறுபடி வாசியுங்கள். நடந்த பிறகு வாசித்தால், எந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது காலம் கடந்தே தெரியும். நூல் சிறியது, பதிப்புரிமை முடிந்தது. ஆங்கில மூலம் இலவசமாகவே கிடைக்கிறது, கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம்.

முதல் பகுதி லெ மொனாஸ்தியேயிலிருந்து லாங்கோனை நெருங்கும் வரைக்கும் உரியது. ‘மேல் ஜெவோதான்’ பகுதியை ஷெய்லாருக்கும் லுக்குக்கும், ‘பனிமாதா’ மடத்தின் பகுதியை லா பஸ்தீத்துக்கும், மறுபடி வரும் ஜெவோதான் பகுதியை லோசேர் ஏற்றத்துக்கும், கடைசியான காமிசார் நாட்டுப் பகுதியைப் போன்-து-மோன்வேருக்குப் பிறகான நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதிக்கு மட்டும் சிறிது முன்னறிவு வேண்டும். காமிசார்கள் என்போர் 1702இல் பிரெஞ்சு அரசுக்கு எதிராக எழுந்த செவென் மலைச் சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டண்ட் கிறித்தவர்கள்). அந்த ஆண்டு ஜூலை 24 அன்று போன்-து-மோன்வேரில் டு ஷெய்லா என்ற குருவைக் கொன்றதில் போர் தொடங்கியது. இது தெரியாமல் போனால், அந்த ஊரில் ஆற்றின் மேல் உள்ள பாலம் வெறும் பாலமாகவே தெரியும்.

7. வழிக்குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு கிடைக்கோடுகள் இருந்தால் வழி சரி. அவற்றின் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் அது தவறான வழி. மஞ்சள் கோடு உள்ளூர்ச் சிறு சுற்றுகளுக்கானது.

புதியவர்கள் தடுமாறுவது இந்தக் குறிகளின் பொருளில் அன்று. பிரான்சில் எல்லா ஜி.ஆர். வழிகளுக்கும் இதே வெள்ளை-சிவப்புதான் என்பதில்தான். லெ புய் நகரிலிருந்து தென்மேற்கே சந்தியாகோ யாத்திரை வழியான ஜி.ஆர். 65உம் புறப்படுகிறது, அங்கே கூட்டம் மிக அதிகம். ஒரு காலையில் என்னோடு வந்த இருவர் சற்று முன்னே போகிறோம் என்று சொல்லி, பையில் சிப்பி ஓடு தொங்கவிட்ட யாத்திரிகர்களின் பின்னால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டார்கள். வழியெங்கும் குறி இருந்தது, குறி சரியான நிறத்தில் இருந்தது, ஆகவே அவர்களுக்கு ஐயமே எழவில்லை. லெ ப்ளெய்மாரிலும் ஃப்ளோராக்கிலும்கூட வேறு ஜி.ஆர். வழிகள் குறுக்கிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஊரை விட்டு வெளியேறும்போதும் வழிகாட்டிப் பலகையில் 70 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே நடங்கள்.

பத்து நிமிடம் நடந்தும் குறி தெரியவில்லை என்றால், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். குறுக்கே காட்டுக்குள் வெட்டிப் போய் வழியைப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. பிரெஞ்சு நடைபயணக் கூட்டமைப்பின் வழிநூலையும், இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடத்தைக் கைபேசியிலும் வைத்திருங்கள். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலைவரிசை கிடைக்காது.

8. கவனம் கேட்கும் நான்கு நாட்கள்

எல்லா நாட்களையும் விவரிக்கப் போவதில்லை. பெரும்பாலான நாட்கள் 12 முதல் 20 கிலோமீட்டருக்குள் அமைதியாகக் கழியும்.

*லெ மொனாஸ்தியே முதல் லெ பூஷே வரை.* 20 கிலோமீட்டருக்கு மேல். லுவார் ஆற்றங்கரையில் உள்ள கூதே வரை செங்குத்தாக இறங்கி, உடனே மறுபுறம் ஏற வேண்டும். உடல் இன்னும் பழகாத நாளில் இது வருவதால், காலை எட்டு மணிக்கு முன் புறப்படுங்கள். ஸ்டீவன்சனும் கூதேயில்தான் மதிய உணவுக்கு நின்றார்.

*லாங்கோன் முதல் ஷெய்லார் வரை.* ஏறத்தாழ 16 கிலோமீட்டர் என்பதால் எளிது என்று எண்ணித் தாமதமாகக் கிளம்புவார்கள். மரம் வெட்டும் வண்டிகள் போட்ட தடங்கள் காடெங்கும் கிளை பிரிகின்றன; வழிக்குறி இருந்த மரத்தையே வெட்டியிருப்பதும் உண்டு. ஸ்டீவன்சன் வழி தவறி, இருட்டில் ஃபூசிலாக் என்ற குக்கிராமத்தில் கதவுகளைத் தட்டி, வழிகாட்ட ஒருவரும் வராததால் காட்டிலேயே படுத்தது இந்தப் பகுதியில்தான். அந்த அத்தியாயத்தை முந்தைய இரவு வாசித்தவர்கள் இங்கே கவனமாக நடக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

*லெ ப்ளெய்மார் முதல் போன்-து-மோன்வேர் வரை.* ஏறத்தாழ 19 கிலோமீட்டர். இந்த வழியின் மிக உயர்ந்த இடமான ஃபினியேல் முகடு, 1699 மீட்டர், இந்த நாளில் வருகிறது. மரங்கள் முடிந்த பிறகு திறந்த புல்வெளிதான். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதற்காகவே பழைய ஆட்டுமந்தை வழியின் ஓரமாக ‘மோன்ஜுவா’ எனப்படும் ஆளுயரக் கருங்கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஜூன் மாதக் காலையில் நாங்கள் ஐவரும் அப்படியொரு பனியில் சிக்கினோம். ஒருவர் கல்லின் மேல் கை வைத்தபடி நிற்க, மற்றொருவர் குரல் கொடுத்துக்கொண்டே முன்னே போய் அடுத்த கல்லைத் தேடினார். அது தெரிந்ததும் எல்லோரும் அங்கே போனோம். கல்லின் வடமுகத்தில் பாசி ஈரமாக, தென்முகம் சொரசொரப்பாக உலர்ந்து இருந்தது இன்னும் கையில் நிற்கிறது. ஒரு கல்லைப் பார்க்காமல் அடுத்ததை விடக்கூடாது என்பதே விதி. கோடை மாலைகளில் இடிமழை வரும். நண்பகலுக்குள் முகட்டைத் தாண்டிவிடும்படி புறப்படுங்கள்.

இந்த மலையின் வடசரிவில், பைன் மரங்களுக்கிடையே, ஸ்டீவன்சன் ஓர் இரவைத் திறந்தவெளியில் கழித்துவிட்டு, அந்த விருந்தோம்பலுக்கு விலையாகச் சில நாணயங்களைப் புல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கங்களை ஏறும் வழியில், மரநிழல் முடிவதற்கு முன், உட்கார்ந்து வாசியுங்கள். மேலே போனால் காற்று விடாது.

*போன்-து-மோன்வேர் முதல் ஃப்ளோராக் வரை.* ஏறத்தாழ 28 கிலோமீட்டர், முழு வழியிலும் நீளமான நாள். ஸ்டீவன்சன் தார்ன் ஆற்றோரச் சாலையில் போனார். அந்தச் சாலையில் இன்று வாகனங்கள் ஓடுவதால் ஜி.ஆர். 70 பூஜே மலைமுகட்டின் மேல் ஏறிச் செல்கிறது. நடுவே கடை எதுவும் இல்லை. மூன்று லிட்டர் தண்ணீரும் மதிய உணவும் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாளை முடித்தபின் ஃப்ளோராக்கில் ஒரு முழு நாள் ஓய்வு எடுப்பதைக் கடுமையாகப் பரிந்துரைக்கிறேன். துணி துவைக்கவும், மருந்துக்கடைக்குப் போகவும், பணம் எடுக்கவும் வசதியான ஊர் அது. அடுத்த நாள் மிமாந்த் பள்ளத்தாக்கின் பழைய தொடருந்துத் தடத்தில் சமதரையாகப் போவதால் கால்களுக்கும் இளைப்பாறுதல் நீடிக்கும்.

லா பஸ்தீத் அருகிலுள்ள பனிமாதா மடத்துக்குப் போவதென்றால் வழியிலிருந்து சற்று விலக வேண்டும். ஸ்டீவன்சன் செப்டெம்பர் 26 இரவு தங்கிய கட்டடத்தைத் தேடாதீர்கள். அது 1912இல் தீக்கிரையானது. இப்போதுள்ள மடம் அதன்பின் வேறிடத்தில் கட்டப்பட்டது.

9. தண்ணீர், கடை, பணம், நாய்

ஊர்க் குழாய்களில் ‘ஓ பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். அதற்கு முன் ‘நோன்’ என்ற சொல் இருந்தால் குடிக்கக் கூடாது. மேய்ச்சல் நில ஓடைகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். பல சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடும். திங்கட்கிழமை பலவும் திறக்காது. மறுநாள் மதிய உணவை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள், அல்லது தங்குமனையில் பொட்டலமாகக் கட்டித் தரக் கேளுங்கள்.

சில தங்குமனைகள் அட்டையை ஏற்பதில்லை. நான்கு இரவுகளுக்கான பணத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

செம்மறிக் கூட்டத்தோடு பெரிய வெள்ளைக் காவல் நாய் இருந்தால், ஓடாமல், கோலை ஓங்காமல், மெதுவாக மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள். மந்தைக்கு நடுவே புகுந்தால் அது உங்களைப் பகையாகக் கருதும். திறந்த கதவைத் திறந்தபடியும், மூடிய கதவை மூடியும் விட்டுச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 112.

10. முடிக்கும் நாள்

சென்-ஜெர்மேன்-து-கல்பேர்த்திலிருந்து சென்-ஜான் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இடையில் சென்-எத்தியேன்-வல்லே-பிரான்செஸ் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கடைசி ஏற்றமான சென்-பியேர் கணவாய் 600 மீட்டருக்கும் குறைவானதே; ஆனால் பாதை கற்கள் நிறைந்தது, வெயிலும் நேரே விழும். களைத்த கால்கள் பிசகுவது இங்கேதான். கணவாயிலிருந்து இறங்கும்போது அவசரப்படாமல், பேருந்து நேரத்துக்கு மூன்று மணி நேரமாவது மீதி வைத்து நடங்கள்.

ஊருக்குள் வந்ததும் முதலில் பேருந்து நிறுத்தத்தைக் கண்டுபிடித்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நிழலில் உட்கார்ந்து நூலின் கடைசி இரண்டு பக்கங்களை வாசிக்க நேரம் இருக்கும். மொதெஸ்தீனைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றதையும், பிறகு அலேசுக்குப் போகும் வண்டியில் அமர்ந்து அழுததையும் அவர் அங்கே எழுதியிருக்கிறார்.